மியூசியத்தில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன்

ஐரோப்பாவுக்குப் போய்விட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் கம்பெனியில் டீ நேரத்தில் யாராவது ஒருவர் அதைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. அங்கே என்னென்ன பார்த்தீர்கள் என்பார்கள். பெரிய சர்ச் பார்த்தோம், இரும்புக் கோபுரம் பார்த்தோம், தங்க முலாம் பூசிய வீடுகள் இருக்கிற சதுக்கம் பார்த்தோம் என்று சொல்லிவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். நான்கு பேர் முன்னால் நீளமாகப் பேச எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். அவர்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மியூசியத்தில் நான் செய்த காரியத்தால் என் மகளின் வேலை போக இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். குன்னத்தூர்ப் பக்கத்திலிருந்து சிறு வயதிலேயே திருப்பூருக்கு வந்து, பல வேலை செய்து, கடைசியில் பனியன் துணி ஓட்டுகிற ஒரு நிட்டிங் கம்பெனியில் துணி செக்கிங்கில் நிலைத்துவிட்டேன். மெஷினிலிருந்து இறங்கிய துணி, அடியில் விளக்கு எரிகிற பலகை மேல் ஓடும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி உடைந்ததால் விழுந்த கோடு என்று ஒவ்வொரு பழுதையும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பல சமயம் கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் கண்டுபிடித்துவிடும். மேல்பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாங்கள் நம்புவதில்லை. ஒரு மூலையைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. சாயம் ஏற்றிய நூலில் ஓட்டிய துணி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலை ஒரு லாட் என்போம். இரண்டு லாட் கலந்துவிட்டால், இரண்டும் அதே நீலம்தான் என்றாலும், துணியில் பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

என் மனைவிக்கும் இதே வேலைதான். அவள் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டுக்குச் சரக்குப் போடுகிற ஒரு யூனிட்டில், தைத்து வந்த பனியன்களைப் பார்க்கிறாள். நாங்கள் இருவரும் கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகம் வீட்டுக்கு வந்த பிறகு ஞாபகம் இருக்காது. சட்டையின் காலர் எப்படித் தைத்திருந்தது என்பது இருக்கும்.

எங்களுக்கு ஒரே மகள். சாயக் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற படிப்பைக் கோயம்புத்தூரில் படித்துவிட்டு, அதையே மேலே படிக்க ஜெர்மனிக்குப் போனாள். கொலோன் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிற ஒரு சின்ன ஊர். அங்கே படிக்கிற பிள்ளைகள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தாங்களே பாடுபட வேண்டும். முதல் வருடம் அவள் பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்த்தாள். பெட்டி தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டு, ஒரு பரீட்சையை எழுத முடியாமல் போனது. அதை எங்களிடம் சொல்லவே இல்லை. அவள் அம்மா போனில் வீடியோவில் அவள் உட்காருகிற விதத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

அதன் பிறகுதான் அந்த ஊர் மியூசியத்தில் வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள். கறுப்புப் பேன்ட், கறுப்புச் சட்டை, கழுத்தில் ஒரு அட்டை. ஓர் அறையின் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்கள் பொருள்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம். அதில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தால் படிப்பு முடிகிற வரை வைத்துக்கொள்வார்கள். குறை வந்தால் மறுபடி கிடங்குதான். நாங்கள் போய் இறங்கியபோது அந்த மூன்று மாதத்தில் பத்து நாள் பாக்கி இருந்தது.

போகிறோம் என்பதையே நான் கடைசி வரை நம்பவில்லை. டிக்கெட் மகள் எடுத்தாள். முதலாளி லீவும் கொடுத்து, விசாவுக்கு வேண்டிய கடிதத்தையும் தானே நின்று டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். உடன் வேலை பார்க்கிறவர், மகன் வாங்கிக் கொடுத்து ஒரு தடவைகூடப் போடாத ஷூவை என் காலுக்குப் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அவரே முடிவு செய்துவிட்டார். உண்மையில் அது அரை விரல் பெரியது. பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டேன். அந்த ஷூவோடுதான் மூன்று தேசம் நடந்தேன். அவருக்கு நன்றி என்று சொன்னால் கேலி செய்வார் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொலோன் சர்ச். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் எதிரிலேயே கறுப்பாக, கழுத்து வலிக்கிற உயரத்தில் நிற்கிறது. என் மனைவி வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, செருப்ப எங்க உடறது?"

இங்கே செருப்போடுதான் போக வேண்டும் என்று மகள் சொன்னாள். சாமி இருக்கிற இடத்துக்கு எப்படி என்று இவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஷூவுக்குள் விரலை மடக்கிக்கொண்டு, பாதி பாதம் தரையில் படாமல் நடந்தாள். உள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்து தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாக இருந்தது. அதைக் கட்டி முடிக்க அறுநூறு வருடத்துக்கு மேல் ஆனதாம். எங்களுக்கு ஷிப்மென்ட் பத்து நாள் தள்ளிப்போனால் மேனேஜர் சாப்பிடாமல் அலைவார். அறுநூறு வருடம் என்றால் எத்தனை மேனேஜர் அலைந்திருப்பார்கள் என்று எனக்கு ஓடியது. மகளிடம் சொன்னேன். சர்ச்சுக்குள் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோபுரத்துக்கு ஐந்நூறு படிக்கு மேல். வருடா வருடம் பழனி ஏறுகிறவளுக்கு இது ஒரு கணக்கா என்று மனைவி முன்னால் போனாள். சுருள் படி. வெளியே ஒன்றும் தெரியாமல் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். பாதியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மேலே இருந்து இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், எதுவும் கேட்காமல் தன் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவள் வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்ததைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். தானும் அப்படிக் குடிக்க முயற்சி செய்து சட்டையை நனைத்துக்கொண்டார்.

பாரிஸில் இரண்டு நாள் இருந்தோம். இரும்புக் கோபுரத்தின் கீழே நின்று பார்த்தால் அது கோபுரமாகத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான ஆணிகளாகத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் ஒருவர் அடித்திருப்பார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து மகள் கட்டி எடுத்து வந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். அங்கே இருக்கிற பெரிய ஓவிய மியூசியத்துக்கும் கூட்டிப்போனாள். ராஜாக்கள், ராணிகள் படமெல்லாம் ஆளுயரத்துக்கு இருந்தன. வெல்வெட் எப்படி மடியும், பட்டு எப்படி மடியும் என்று வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

"அப்பா ஒருத்தரு மூஞ்சியையும் பாக்கறதில்லம்மா. சட்டையவே பாத்துட்டுப் போறாரு," என்றாள் மகள்.

அது சர்ச்சோ கோபுரமோ, எங்கே போனாலும் வெளியே பொம்மைக் கடையும் பனியன் கடையும் இருக்கும். தொங்குகிற பனியனைக் கண்டால் என் கை போய்விடும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைத் தேய்த்து, கீழ் மடிப்பைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்ப்பேன். பாரிஸில் ஒரு கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். மகள் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி. அன்று அந்த மியூசியத்தில் எல்லோருக்கும் இலவசம். நாங்களும் வந்து பார்க்கலாம் என்றாள். அவள் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான். முந்தின நாள் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கைய பாக்கெட்டுக்குள்ள உட்டுக்குங்கப்பா. அங்க இருக்கறதெல்லாம் எரநூறு நானூறு வருசத்துக்கு முந்துனது. சித்த தொட்டாக்கூட பெரிய கேசாயிரும்."

"நானென்ன கொளந்தையா கண்ணு," என்றேன்.

அவள் அம்மா அடுப்புப் பக்கமிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

மியூசியம் ஒரு பழைய மாளிகை. ஒரு காலத்தில் அந்தப் பகுதியை ஆண்டவர்கள் இருந்த வீடாம். வாசலில் கோட்டு, பையெல்லாம் வாங்கி மாட்டி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே நுழைவதற்கு முன்னால் மனைவியிடம் சொல்லிவிட்டேன், வேலையில் இருக்கிற பிள்ளை, பார்த்தாலும் பேசக் கூடாது என்று. வெள்ளிப் பாத்திரம், கடிகாரம், நாற்காலி என்று மூன்று அறைகளைப் பார்த்தோம். மூன்று அறையிலும் என் இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டில்தான் இருந்தன.

நான்காவது அறையில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். வீட்டில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய மாளிகையில், இவ்வளவு விலை மதிப்பான பொருள்களை நம்பி இவளிடம் விட்டிருக்கிறார்கள்.

அந்த அறையில் ஒரு சுவர் முழுக்க ஒரே துணி தொங்கியது. ஓவியம் இல்லை, நெய்த படம். காடு, வேட்டை நாய்கள், குதிரை மேல் ஒரு பெண், மேலே நீல ஆகாயம். கம்பளியும் பட்டும் கலந்து கையால் நெய்தது, நானூறு வருடம் ஆகிறது என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். நிட்டிங் வேறு, நெசவு வேறு. என்றாலும் நூல் நூல்தான். அதன் முன்னால் முட்டிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கயிறு கட்டியிருந்தது. இவ்வளவு பொடி நூலில் நாயின் கண்ணை எப்படிக் கொண்டு வந்தார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து மாட்டுவதற்காகத்தான் கையை வெளியே எடுத்தேன்.

கண்ணாடியை மாட்டியதும் முதலில் தெரிந்தது நாயின் கண் இல்லை. படத்தின் ஓரத்தில், அடி வரைக்கும் இறங்குகிற ஓடைத் தண்ணீரின் நீலத்தில், அரை விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அந்தப் பட்டைக்கு மேலே ஒரு நீலம், அதில் இன்னொரு நீலம். லாட் மாறியிருக்கிறது. நானூறு வருடத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு தறியில் நூல் தீர்ந்துபோய், வேறு லாட் நூலைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். இல்லை, வெளிச்சம் பட்டு மேல்பக்கம் மட்டும் வெளுத்திருக்கலாம். இரண்டில் எது என்று பின்பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் நான் அங்கே நின்று யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசித்திருந்தால் நின்றிருப்பேன். பலகை மேல் துணி ஓடுகிறபோது கை எப்படிப் போகுமோ அப்படிப் போனது. கயிற்றுக்கு மேல் குனிந்து, கீழ் மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் ஒன்றும் தெரியவில்லை. துணி பாரம் தாங்குவதற்காக முழுக்கக் காடாத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள்.

பீப் பீப் என்று ஒரு சத்தம் எழுந்தது. சிறிய சத்தம்தான். ஆனால் அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள். நான் கையை விட்டேன். ஒரு வயதான தம்பதிக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

பக்கத்து அறையிலிருந்து மேற்பார்வை பார்க்கிற அம்மா வேகமாக வந்தார். என் வயது இருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், கையில் வாக்கி டாக்கி. கத்தவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார். நான் கை கூப்பினேன். மனைவி "கண்ணு" என்று மகள் பக்கம் திரும்பப் போனாள். மனைவியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நான் எங்கிருந்தோ வந்த யாரோ ஓர் ஆள். மொழி தெரியாதவன், படிக்காதவன், தொட்டுவிட்டான். வெளியே அனுப்பினால் போய்விடலாம். யாரோ ஒருவன் தொட்டதற்கு வாசலில் நின்ற பிள்ளை என்ன செய்யும்? ஆனால் அவளுடைய அப்பனே வந்து தொட்டான் என்றால் வேறு விஷயம். அதனால் மகள் இருக்கும் பக்கம் திரும்பாமல், அவளை முன்பின் தெரியாதவன் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஷூ சத்தம் கேட்டது. மகள் வந்து என் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி நின்றாள். அந்த அம்மாவிடம் ஜெர்மன் மொழியில் நான்கைந்து வார்த்தை சொன்னாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதால், என்ன சொன்னாள் என்று தெரிந்துபோனது. அந்த அம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"ஏன் தொட்டீங்கன்னு கேக்கறாங்கப்பா. உள்ளதச் சொல்லுங்க," என்றாள் மகள். என் முழங்கையை விடவில்லை.

"லாட் மாறியிருக்குது கண்ணு. அந்தத் தண்ணி நீலத்துல. பின்னால பாத்தாத் தெரியும்னு கை போயிருச்சு. தப்புங்க, தப்புத்தானுங்க."

அவள் அதை மாற்றிச் சொன்னாள். லாட் என்பதை அந்த மொழியில் எப்படிச் சொன்னாளோ, கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. டார்ச் அடித்துத் துணியின் மூலையைப் பார்த்தார். போட்டோ எடுத்தார். பிறகு எங்களை ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போய் ஒரு தாளில் நீளமாக எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். தமிழில் போட்டேன். அந்தக் கையெழுத்தை அவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். திங்கட்கிழமை விடுமுறை, மேலதிகாரி செவ்வாய்க்கிழமை வந்து முடிவு சொல்வார் என்று மகளிடம் சொல்லி அனுப்பினார்.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி என்னைத் திட்டினாள். அந்தக் கையைக் கட்டிப் போட்டுக் கூட்டி வந்திருக்க வேண்டும் என்றாள். நியாயம்தான். கிடங்கில் பெட்டி தூக்கினாளே, அந்த முதுகை நினைத்து எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

திங்கட்கிழமை பிரஸ்ஸல்ஸ் போவதாக முன்பே டிக்கெட் எடுத்திருந்தாள். நான் வேண்டாம் என்றேன். வீட்டில் உட்கார்ந்து மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குப் போவதே மேல் என்று கிளப்பினாள். ரயில் ஜன்னலில் வயலும் காற்றாலைகளும் போய்க்கொண்டிருந்தன. உடுமலைப்பேட்டைப் பக்கம் போகிற மாதிரியே இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"எதுக்குக் கண்ணு அப்பான்னு சொன்னே? நான்தான் ஒண்ணுந் தெரியாத மாதிரி நின்னனே. அப்படியே உட்டிருந்தா ஒம்மேல ஒண்ணும் வந்திருக்காதே."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க அப்படி நின்னீங்க பாருங்க, அதைத்தானுங்கப்பா தாங்க முடியல. ஸ்கூலுக்கு வந்தாலும் உள்ள வர மாட்டீங்க. கேட்டுக்கு அக்கட்டாலயே நின்னுட்டுப் போயிருவீங்க. மிஸ் கேட்டா அப்பாவுக்கு ஷிப்ட்டுன்னு சொல்லுவேன். இங்கயுமா நீங்க வெளிய நிக்கோணும்?"

பள்ளிக்கூடத்துக்குள் நான் போகாதது பற்றி அவளுக்கு மனதில் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் முன்னால் போய் நின்றால் நான் ஏதாவது தப்பாகச் சொல்லி, அவளுக்குத் தலைகுனிவு வந்துவிடும் என்றுதான் ஒதுங்கினேன். அதை அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள். தெரிந்தும் இத்தனை வருடம் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி தொண்டையைச் செருமினாள். முந்தின நாள் திட்டி முடித்ததிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை.

"என்ன சொன்னாலும் லாட்டு மாறித்தானுங்க இருந்துச்சு. நானும் பாத்தேன்."

முதலில் மகள்தான் சிரித்தாள். பிறகு எங்களுக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

பிரஸ்ஸல்ஸ் சதுக்கத்தில் நான்கு பக்கமும் தங்கம் பூசிய வீடுகள். ஒவ்வொன்றும் ஒரு தொழில்காரர்களுடைய சங்கத்துக்காகக் கட்டியதாம். ரொட்டி சுடுகிறவர்களுக்கு ஒன்று, படகு ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஒரு வீட்டைக் காட்டி, இது தையல்காரர்கள் வீடு என்றாள் மகள். ராஜா வீடு மாதிரி இருந்தது. அதன் முன்னால் மூன்று பேரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். இப்போது கம்பெனியில் எல்லோருக்கும் காட்டுகிறேனே, அந்தப் போட்டோதான். அதில் என் முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு அடுத்த நாள் என்ன சொல்வார்களோ என்ற பயம் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை மகள் வேலைக்குப் போனாள். மனைவி திருநீறு பூசி அனுப்பினாள். மத்தியானம் போன் வந்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் சோதனைக் காலத்தை இன்னும் இரண்டு மாதம் நீட்டிவிட்டார்கள். அதுவரை அறைக் காவலுக்குப் போக முடியாது. வாசலில் கோட்டு வாங்கி மாட்டுகிற இடத்தில் நிற்க வேண்டும். மேலதிகாரி முதலில் கணக்கை முடித்து அனுப்பத்தான் இருந்தாராம். அந்த மேற்பார்வை அம்மாதான், இந்தப் பெண் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, தானாக வந்து இது என் அப்பா என்று சொன்னாள் என்று தாளில் எழுதியிருந்ததைக் காட்டிப் பேசியிருக்கிறார். இரண்டு மாதம் முடிந்து இப்போது மகள் மறுபடியும் அறையில் நிற்கிறாள். முன்பே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம்.

புதன்கிழமை எங்களுக்கு அந்த ஊரில் கடைசி நாள். மனைவியிடம் கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் தனியாகக் கிளம்பினேன். மழைத் தூறல். மகளோடு நடந்த வழியை ஞாபகம் வைத்து, இரண்டு இடத்தில் தப்பாகத் திரும்பி, மியூசியத்துக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் மகள் தெரிந்தாள். மேஜைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவராகக் கோட்டை வாங்கி மாட்டி, டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கோட்டை உதறி மாட்டுகிறபோது முதுகு வலிக்கிறதா என்று பார்த்தேன். வலிக்கிற மாதிரி தெரியவில்லை.

உள்ளே போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்து, என்ன ஆயிற்றோ என்று பயந்துவிட்டாள். ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் மேற்பார்வை அம்மா உள்ளேயிருந்து வந்தார். என்னை அடையாளம் தெரிந்து நின்றார். என் கை இரண்டும் எங்கே இருக்கின்றன என்று அவர் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை, வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகவே சொன்னேன்.

"இது என்ற புள்ளைங்க. நான் இதோட அப்பனுங்க. நீங்க பண்ணுனதுக்கு ரொம்ப நன்றிங்க."

மகள் அதை அவருக்கு மாற்றிச் சொன்னாள். சொல்லும்போது முகம் சிவந்திருந்தது. அந்த அம்மா வாக்கி டாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார். பிடித்தேன். சில்லென்று இருந்தது. இரண்டு தடவை நன்றாகக் குலுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும் போல இருந்தது. மகள் டோக்கனை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"சித்த அக்கட்டால நவுந்துக்குங்கப்பா," என்றாள். "பின்னால ஆளு நிக்கறாங்க."